சங்குக்குள் இருந்த உயிர்

சமணரின் 22ஆம் தீர்த்தங்கரரான நேமிநாதர், தம் திருமண விருந்துக்கென்று அடைத்து வைத்திருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டு, மணமேடை ஏறாமலே துறவு பூண்டவர். அவருக்குரிய சின்னம் சங்கு. கொல்லாமை அறத்தின் மிகக் கடினமான கேள்வி இங்கேதான் இருக்கிறது. விலங்குகள் கதறின, அவர் நின்றார். சங்கு கதறாது. அதிலிருந்து நமக்குக் கேட்கும் நாதம், உள்ளே இருந்த உயிர் போன பிறகு நாம் ஊதி எழுப்புவது. குரலே இல்லாத ஓர் உயிருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

நம் மரபு இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும்போது நத்தை, சிப்பி வகையறாவை ஈரறிவில் வைக்கிறது, நண்டுக்கு நான்கறிவு. சமண நூல்களும் சங்கை ஊறும் சுவையும் மட்டும் அறியும் உயிர் என்கின்றன. ஆனால் அவை அதோடு விடவில்லை. இல்லறத்தார் ஏற்கும் கொல்லா நோன்பு ஈரறிவு உயிரிலிருந்தே தொடங்குகிறது. செடிகொடி விஷயத்தில் அவர்களுக்குச் சலுகை உண்டு, சங்கு விஷயத்தில் இல்லை. முதுகெலும்பில்லாத ஒரு கடலுயிரை அத்தனை காலத்துக்கு முன்பே அறத்தின் வேலிக்குள் கொண்டுவந்த சிந்தனையை வியக்காமல் இருக்க முடியவில்லை. அறிவு குறைந்த உயிருக்கு இழப்பும் குறைவு என்று அந்த அடுக்கை நாம் படித்துக்கொண்டதில்தான் கோளாறு.

கணக்கே சரிதானா என்பதை மன்னார் வளைகுடாவின் மணல் தரையில் பார்க்கலாம். பாதி புதைந்து கிடக்கும் சங்கு, ஓட்டின் நீண்ட மூக்குவழியே ஒரு சதைக்குழாயை நீட்டி நீரை உள்ளே இழுக்கிறது. அந்த நீரில் கரைந்திருக்கும் வாசத்தை அறிய அதற்குத் தனி உறுப்பு இருக்கிறது. மணலுக்குள் புழு இருக்கும் திசை தெரிந்ததும் ஊர்ந்துபோய், வாயைக் குழல்போல நீட்டிப் பிடிக்கிறது. உணர்கொம்புகளின் அடியில் இரண்டு சிறு கண்கள். உடல் சாய்வதை அறியவும் ஓர் உறுப்பு. இரண்டறிவில் இது அடங்காது.

இவையெல்லாம் வெறும் அனிச்சைச் செயல், வலியை உணர மூளை வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சங்கைப் போலவே வயிற்றுக்காலிகள் வகுப்பைச் சேர்ந்த கடல்முயல் என்ற நத்தையை ஆராய்ந்து எரிக் கேண்டல் 2000இல் நோபல் பரிசு பெற்றார். ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே உள்ள அந்த உயிர், வாலில் மின்னதிர்ச்சி பட்ட பிறகு மெல்லத் தொட்டாலும் செவுளை வேகமாக உள்ளிழுக்கிறது. அதிர்ச்சி பலமுறை பட்டிருந்தால் வாரக்கணக்கில் மறப்பதில்லை. வலி என்று ஒன்றை அது உணர்கிறது என்பதற்கு இது நிரூபணம் ஆகாது. 2022இல் பிரிட்டன் இயற்றிய சட்டமும் முதுகெலும்பில்லாதவற்றில் நண்டு, இறால், கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றைத்தான் உணர்வுள்ளவை என்று ஏற்றது, நத்தைகளைச் சேர்க்கவில்லை. ஆனால் அறம் நிரூபணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தனக்கு நேர்ந்த தீங்கை நினைவில் வைத்து அடுத்த முறை தப்பப் பார்க்கும் உயிருக்குத் தன் வாழ்வு பொருட்டாகவே இருக்கிறது. நம்மைப்போல் அது வேதனைப்படுகிறதா என்பது அதற்கடுத்த கேள்வி.

இழப்பு ஓர் உயிரோடு முடிவதும் இல்லை. பெண் சங்கு ஆட்டுக்கொம்புபோல் முறுக்கிய நீண்ட கூட்டை மணலில் ஊன்றி, அதன் அறைகளில் முட்டையிடுகிறது. பல கடலுயிர்களின் இளவுயிர்கள் நீரோட்டத்தில் மிதந்து தொலைதூரம் போகும். சங்குக்குஞ்சோ கூட்டுக்குள்ளேயே ஓடு வளர்ந்து, வெளியே வந்ததும் அதே மணலில் ஊரத் தொடங்குகிறது. ஒரு படுகையைத் துடைத்தெடுத்துவிட்டால், வேறெங்கிருந்தோ மிதந்துவந்து அதை நிரப்ப எதுவும் இல்லை. புழுவைத் தின்ன அங்கே சங்கு இராது, காலி ஓட்டில் குடியேறும் முனிவன் நண்டுக்கும் வீடு இராது.

அப்படியானால் பூசையில் சங்கு கூடாதா, தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் சங்கு குளிக்கிறவர் பிழைப்பு என்ன ஆவது? அவர்களைக் குற்றவாளியாக்கும் அறம் எனக்கு உவப்பில்லை. மூச்சை அடக்கி மூழ்குகிறவர் ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கிறார். 57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்ததைக் கடலிலேயே விட வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடிக்க அவரால் முடியும். கடலடியை வாரி வரும் இழுவைமடியால் முடியாது. சுழி திசைமாறிய வலம்புரிக்கு என்ன விலையும் தரத் தயாராக இருக்கும் பக்தர், அது கையால் எடுத்ததா, இழுவைமடியில் வந்ததா என்பதையும் கடைக்காரரிடம் கேட்கலாம். வலம்புரிக்குள் வாழ்ந்ததும் இடம்புரியில் வாழும் அதே உயிர்தான். கோயிலில் ஒரு சங்கு பல தலைமுறைக்கு ஊத வரும். பெயர் செதுக்கிய அலங்காரப் பொருளாக அலமாரிக்குப் போகும் சங்குக்கு எந்தச் சமயத்திலும் நியாயம் தேட முடியாது. முதலில் நிறுத்த வேண்டியது அந்த வாணிபத்தை.