வந்தவனின் கடன்

தன்னந்தனியாக ஒரு சிற்றூருக்குக் குடிபோகும் மனிதனுக்கு அந்த ஊர் என்ன கடன்பட்டிருக்கிறது? அந்த ஊருக்கு அவன் என்ன கடன்பட்டிருக்கிறான்? பெருநகரத்தில் இக்கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. அங்கே பெரும்பாலோர் ஏதோ ஒரு தலைமுறையில் வந்தவர்களே. ஆனால் ஒரே கடைத்தெருவும் ஒரே பேருந்து நிறுத்தமும் உள்ள ஊரில் புதியவன் ஒருவன் பெட்டியுடன் இறங்கினால், விளக்கு வைப்பதற்குள் ஊர் முழுதும் அதனை அறிந்துவிடுகிறது. அவனை அறிந்தவர் மட்டும் ஒருவருமில்லை. எல்லாராலும் பார்க்கப்பட்டும் எவராலும் அறியப்படாமல் இருக்கும் அந்த நிலையிலேதான் நம் கேள்வி பிறக்கிறது.

இதனை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1969 ஜூலை 19இல் பதினான்கு பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. அப்பொழுது நாட்டிலிருந்த வங்கிக் கிளைகளுள் நாட்டுப்புறத்தில் இருந்தவை நான்கில் ஒரு பங்குகூட இல்லை. பின்னர் 1977இல் ரிசர்வ் வங்கி ஒரு விதி வகுத்தது. வங்கி ஏற்கெனவே உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க விரும்பினால், வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் கிளை திறந்தாக வேண்டும் என்பது அது. அந்த விதி ஆயிரக்கணக்கான இளைஞர்களைக் கையில் ஒரு பெட்டியுடன், பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஊர்களில் கொண்டுபோய் இறக்கியது. அவர்களில் நானும் ஒருவன். 1978 ஜனவரியில், கடற்கரை ஊரில் வளர்ந்த நான், கரிசல் சீமையின் ஒரு சிற்றூருக்குப் பயிர்க்கடன் அலுவலனாகப் போய்ச் சேர்ந்தேன்.

இறங்கிய இரவு தேநீர்க் கடைக்காரர் கேட்ட கேள்வி இன்றும் நினைவிலிருக்கிறது. “தம்பி, யார் வீட்டுக்கு வந்திருக்கீக?” என்றார். ‘நீ யார்?’ என்று அவர் கேட்கவில்லை. சிற்றூரில் ஒருவன் யார் என்பது, அவன் யாருடைய மனிதன் என்பதிலேதான் அடங்கியிருக்கிறது. “பாங்குக்கு வந்திருக்கிறேன்” என்றேன். அவர் புன்னகைத்துக்கொண்டு, “பாங்கு ஒரு வீடு ஆகுமா தம்பி?” என்றார். அவருடைய கேள்வியில் தவறில்லை. என்னிடம் அதற்கு விடைதான் இல்லை.

இத்தகைய வேளையில் உள்ளம் எப்படித் தவிக்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சாட்சி உண்டு. 1325இல், இருபத்தொரு வயது இளைஞராக, இப்னு பதூதா தாம் பிறந்த தஞ்சா நகரைவிட்டுத் தனியே புறப்பட்டார். வழியில் காய்ச்சல் கண்டது. சேணத்திலிருந்து விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைக் கட்டிக்கொண்டு பயணம் செய்தார். துனிஸ் நகர மக்கள் எதிர்கொண்டு வந்து, உடன் வந்தோர் ஒவ்வொருவரையும் ஸலாம் கூறி வரவேற்றனர். அவரை அங்கு அறிந்தார் எவருமில்லை. ஆகவே அவருக்கு எவரும் ஸலாம் கூறவில்லை. துயரம் தாளாமல் அழுதுவிட்டதாக அவரே தம் பயண நூலில் சொல்லியிருக்கிறார். அதனைக் கண்ட உடன்பயணி ஒருவர் அருகே வந்து, ஸலாம் கூறி, நகருக்குள் நுழையும்வரை ஆறுதலாகப் பேசிக்கொண்டு வந்தாராம். பிற்காலத்தில் அரசர்களுடைய அவைகளைக் கண்ட அம்மனிதர், அந்த ஒரு ஸலாத்தைக் கடைசிவரை மறக்கவில்லை.

அந்த உடன்பயணி கொடுத்தது என்ன? வீடு கொடுக்கவில்லை, பொருள் கொடுக்கவில்லை. ஒரு வாழ்த்தும் சிறிது நேரப் பேச்சும்தான் கொடுத்தார். மனிதன் மனிதனுக்கு வழங்கும் கொடைகளுள் ஸலாத்திற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது வாங்கிய கணத்திலேயே திருப்பிச் செலுத்தப்பட்டுவிடுகிறது. கொடுத்தவர் கொடையாளியாகவும் பெற்றவர் கடனாளியாகவும் நிற்பதில்லை. மற்றைய உபகாரங்கள் அப்படியல்ல என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஜெர்மானிய அறிஞர் இமானுவேல் காண்ட், உலக அமைதியைப் பற்றி 1795இல் எழுதிய நூலில் இதனை உரிமையின் மொழியில் ஆராய்ந்தார். பிற மண்ணுக்கு வரும் அந்நியனுக்குப் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமை உண்டு. ஆனால் வந்து தங்கி விருந்தினனாக வாழும் உரிமை தானாக அமைந்துவிடாது. அதற்குத் தனியே ஓர் உடன்பாடு வேண்டும் என்பது அவர் முடிவு. உரிமை என்ற அளவில் இது சரியே. தமிழோ இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். தொல்காப்பியம் அச்சொல்லை அவ்வாறே ஆள்கிறது. அதன்படி உற்றாரும் உறவினரும் விருந்தினர் அல்லர். முன்பின் அறியாத புதியவனே விருந்தினன். அவனை ஓம்புவதற்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். ஊரின் கடன் இதனால் தெளிவாகிறது. புதியவனைப் பகைக்கலாகாது என்பது அதன் கீழெல்லை. அவன் முகம் பார்த்து ஒரு சொல் சொல்ல வேண்டும் என்பது அதன் உயிர்.

இனி, வந்தவனின் கடன். சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

அவ்வூரில் பருத்தி கமிஷன் மண்டி நடத்திய பெரியவர் ஒருவர், முன்பணம்கூட வாங்காமல் தம் வீட்டு மாடி அறையை எனக்குத் தந்தார். அவரை அண்ணாச்சி என்றும், அவருடைய தாயாரை ஆச்சி என்றும் அழைத்தேன். அந்த ஆகஸ்டில் நோன்பு வந்தது. மாற்று மதத்தவரான ஆச்சி, ஸஹர் நேரம் எப்பொழுது என்று கேட்டறிந்து, அந்த அகால வேளையில் எழுந்து அடுப்பு மூட்டிச் சுடுசோறு அனுப்பினார். ஒரு நாளும் தவறவில்லை. தேநீர்க் கடைக்காரரின் கேள்விக்கு இப்பொழுது என்னிடம் விடை இருந்தது. நான் அண்ணாச்சி வீட்டுப் பையன் ஆகிவிட்டேன்.

புரட்டாசி பிறந்தது, விதைப்புக் காலம் நெருங்கிற்று. ஒரு நாள் அண்ணாச்சி ஐந்து பேரை வங்கிக்கு அழைத்து வந்தார். ஐவரும் அவருடைய நிலத்தில் குத்தகைக்கு உழுதவர்கள். ஆளுக்கு 2,000 ரூபாய் பயிர்க்கடன் கேட்டு மனுக்கள், கர்ணம் கொடுத்த அடங்கல் நகல்கள், கைநாட்டுகள், எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஐவரும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தனியே விசாரித்தபோது விஷயம் விளங்கிற்று. பணம் மண்டிக்குப் போகும். கடன் மட்டும் அந்த ஐவர் பெயரில் நிற்கும். அன்றிரவு அண்ணாச்சி மாடிக்கு வந்து, “நம்ம வீட்டுப் பிள்ளை இருக்கும்போது எனக்கென்ன தம்பி கவலை?” என்றார். அவர் மிரட்டவில்லை. உள்ளபடியே அப்படித்தான் எண்ணினார். என்னைத் தூண்டில் போட்டுப் பிடித்தார் என்று இன்று நான் எழுதினால் அது அநீதி. அவருடைய உலகில், வீட்டுப் பிள்ளை வீட்டுக்கு உதவுவான், அவ்வளவுதான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உண்ட வீட்டுக்கு நன்றி மறப்பது இழிவு, அதில் ஐயமில்லை. ஆனால் நன்றிக்கடனை எந்தப் பொருளால் அடைப்பது? என் சம்பளத்தை, என் உழைப்பை, என் நேரத்தை அவருக்குத் தரலாம், அவை என்னுடையவை. வங்கியிலிருந்த பணம் என்னுடையதன்று. அந்த ஐவரின் கைநாட்டும் என்னுடையதன்று. தன் கடனைப் பிறர் பொருளால் தீர்ப்பவன் நன்றியுள்ளவன் அல்லன், அவன் கள்வன். இந்த ஒன்று தெளிவானபின், அன்றிரவே அவரிடம் பணிவாக மறுத்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். அந்த மாதமே நான் அறையைக் காலி செய்து, பேருந்து நிறுத்தத்தின் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் குடியேறினேன். மறுபடியும் யார் வீட்டையும் சேராதவன் ஆனேன்.

இத்தாலிய நகரங்கள் சில, பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தன. உள்ளூரில் குடும்பப் பகைகள் முற்றியிருந்தமையால், ‘பொதெஸ்தா’ என்னும் தலைமை நடுவரை வெளியூரிலிருந்தே வரவழைத்தார்கள். அவர் பதவிக்காலம் குறுகியது. ஊரார் வீட்டில் அவர் உணவருந்தலாகாது என்றுகூடப் பல இடங்களில் தடை இருந்தது. கேயார்க் ஸிம்மல் என்னும் சமூகவியலாளர், அந்நியனைப் பற்றி 1908இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வழக்கத்தைச் சுட்டி, எந்தக் கட்சியிலும் வேரூன்றாதவனுக்கே நடுநிலை எளிது என்று விளக்கினார். எனக்கு அப்பொழுது அவர் பெயர் தெரியாது. ஆனால் ஓட்டு வீட்டில் தனியே சோறாக்கித் தின்றுகொண்டு, தனிமையே நீதிக்குக் கொடுக்கும் விலை என்று எனக்கு நானே பெருமிதத்துடன் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெருமிதம் நெடுநாள் நிலைக்கவில்லை. தை மாதம் சந்தையில் அந்த ஐவரில் ஒருவரைக் கண்டேன். “சார் நியாயம் பண்ணினீக, சரி. விதைக்கும் உரத்துக்கும் எங்களுக்குப் பணம் வேணும்ல? அதே மண்டியில வட்டிக்கு வாங்கினோம்” என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அது என்னைச் சுட்டது. நான் ஓர் அநீதிக்குக் கையொப்பமிட மறுத்தேன், அது சரி. ஆனால் அந்த ஐவர் யார், அவர்களுக்கு என்ன இருக்கிறது, என்ன தேவை என்று கேட்கவே இல்லை. தூரத்தில் நின்றதனால் தீமை செய்யாமல் தப்பினேன். தூரத்தில் நின்றதனாலேயே நன்மை செய்யவும் தவறினேன்.

மீண்டும் இப்னு பதூதாவிடம் வருவோம். துனிஸில் அழுத அந்த இளைஞர், பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் மாலத்தீவை அடைந்து, அங்கே காழியாக நியமிக்கப்பட்டார். வந்த இடத்திலேயே வஸீரின் சுற்றத்தில் மணமுடித்தார். திருடன் ஒருவனுக்குக் கை வெட்டும் தண்டனை விதித்தபோது, அவையிலிருந்த தீவுவாசிகள் சிலர் மயங்கி விழுந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அத்தீவின் பெண்கள் உடுத்தும் முறையை மாற்ற முயன்றும் அவரால் இயலவில்லை. இறுதியில் வஸீருடன் மனத்தாங்கல் முற்றி, 1344இல் தீவைவிட்டுப் புறப்பட்டு, இலங்கை வழியாக நம் தமிழகக் கரைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய கல்வியிலோ துணிவிலோ குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அங்கே அவருடைய நிலை விசித்திரமானது. பெரிய வீடுகளோடு மிக நெருங்கிவிட்டார். எளிய மக்களை விட்டு மிக விலகி நின்றார். வந்தவன் இரண்டு விதத்திலும் தவறக்கூடும் என்பதற்கு இது சான்று. தான் ஒரு காலத்தில் புதியவனாய் நின்று அழுதது, பிறரைப் புரிந்துகொள்ளும் கண்ணைத் தானாகத் தந்துவிடுவதில்லை. அந்தக் கண்ணை முயன்றுதான் பெற வேண்டும்.

அடுத்த ஆண்டு, விதைப்புக்கு மூன்று மாதம் முன்பே, மாலை வேளைகளில் காட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். வரப்பில் உட்கார்ந்து பேசினேன். ஐவரில் இருவருக்குச் சொந்தமாகவே சிறிது நிலம் இருந்தது. பட்டா இறந்துபோன தந்தையின் பெயரில் கிடந்ததால், அதனை ஒரு பொருளாக அவர்கள் மதித்ததே இல்லை. தாலுகா அலுவலகத்துக்கு நாலைந்து முறை உடன் சென்றேன். 1979 புரட்டாசியில் அவ்விருவரும் தம் பெயரில், தம் நிலத்துக்கு, தம் கையால் கடன் வாங்கினார்கள். மற்ற மூவருக்கு என்னால் ஒன்றும் செய்ய இயலவில்லை. அதனை மறைப்பதற்கில்லை.

வந்தவனின் கடன் என்னவென்று இப்பொழுது சொல்லலாம். விலகி நிற்பதன்று, ஒரு வீட்டில் கரைந்துபோவதும் அன்று. ஊரில் யாரை அறிந்துகொள்வது எளிதோ அவரோடு நின்றுவிடாமல், யாரை அறிவது கடினமோ அவர் வரையில் நடந்து செல்வதே அவன் கடன். முதலில் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள். அவர்களிடமே திறப்பதற்கு ஒரு மாடி அறை இருக்கிறது. அந்த அன்பை ஏற்கலாம்; நன்றி பாராட்டலாம். ஆனால் அந்த ஒரு மாடியிலிருந்து பார்ப்பதையே ஊர் என்று எண்ணிவிடலாகாது.

ஒன்றைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நிறைவு பெறாது. நான் அறையைக் காலி செய்த பிறகு வந்த ஹஜ்ஜுப் பெருநாளன்று, ஆச்சி ஒரு சிறுவனிடம் தூக்குவாளியில் பாயசம் கொடுத்தனுப்பினார். செய்தி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. மகனுக்கும் எனக்கும் நடந்தது அவருக்குத் தெரியாமல் இராது. அந்தப் பாயசத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை. துனிஸ் நகர வாசலில் கிடைத்த அந்த ஸலாத்தைப் போன்றது அது. 1981இல் மாற்றலாகிப் புறப்பட்ட அன்று அவரிடம் விடைபெறச் சென்றேன். “அடுத்த ஊர்லயும் யாராச்சும் சோறு போடுவாக, கூச்சப்படாமச் சாப்பிடு” என்று சொல்லி அனுப்பினார்.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும், ஆசிரியராக, செவிலியராக, மருத்துவராக, அறியாத ஊர்களுக்குத் தனியே போகிறார்கள். அவர்களுக்கு அங்கே யாராவது ஒரு நல்வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று நாம் ஏங்குகிறோம். நம் தெருக்கோடியிலும், வடமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, ஒரே அறையில் ஆறு பேராய்த் தங்கியிருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊர் எது, பெயர் என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவர்களையும் ஒரு தாய் எங்கோ அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.