பூசி மெழுகும் முன்

கட்டட ஒப்பந்தக்காரன் செய்யும் வேலையில் முக்கியமானது எதுவும் கடைசியில் கண்ணில் படாது. அஸ்திவாரம் மண்ணுக்குள் போய்விடும், கம்பி கான்கிரீட்டுக்குள் போய்விடும். செங்கல்லைப் பூச்சு மறைக்கும். பூச்சைப் பட்டியும் பெயின்ட்டும் மறைக்கும். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் டைல்ஸையும் தேக்குக் கதவையும் தடவிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது கட்டியவனுக்கும் அவன் மனசாட்சிக்கும் மட்டும் தெரியும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மாடித்தளம் போட்டுக்கொண்டிருந்தோம். சுவரிலிருந்து நான்கடி வெளியே நீளும் பால்கனி மட்டும் பாக்கி. வானம் கறுத்துவிட்டது. கலவைச் சட்டியோடு ஆட்கள் மிதித்து நடந்ததில் பால்கனியின் மேல்கம்பி அமுங்கிக் கிடந்தது. கம்பி கட்டும் பெரியவர்தான் பார்த்தார். "தம்பி, கம்பி கீழ இறங்கிருச்சு. அடியில சேர் கம்பி வச்சுத் தூக்கிக் கட்டிட்டு ஊத்துவோம். அரை மணி நேரம் ஆகும்" என்றார்.

"பரவாயில்லண்ணே, மழை வந்துரும். ஊத்துங்க" என்றேன்.

கான்கிரீட் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். அந்த இழுவையைத் தாங்கத்தான் கம்பி. இரண்டு பக்கமும் சுவரில் உட்காரும் தளத்தின் நடுவில் இழுவை அடிப்பக்கம் வரும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்கும் பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் அது மேல்பக்கம் வரும். அங்கே கம்பி இரண்டு அங்குலம் கீழே இறங்கினால் பாதி பலம் போய்விடும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார். பால்கனித் தரையில், சுவரை ஒட்டி, நீளவாட்டில் ஒரு வெடிப்பு. பூச்சு விட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். சிமெண்ட் பால் ஊற்றி மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முட்டுக் கொடுத்து உடைத்துப் பார்த்தேன். கம்பியின் எண்ணிக்கை சரி, கனம் சரி, பில்லும் சரி. இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அது இல்லை. என் செலவில் இடித்துக் கட்டிக் கொடுத்தேன். பணம் போனது பெரிதாகத் தெரியவில்லை. ஏன் இடிக்கிறேன் என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

எங்கள் தொழிலில் ஆளைக் கொல்லும் சொல் அந்தப் 'பரவாயில்லை'தான். கலவை இறுகிவிட்டதா, ஒரு குடம் தண்ணீர் கூட ஊற்று, பரவாயில்லை. தளத்தில் பாத்தி கட்டிக் குறைந்தது ஏழு நாள், வெயில் காலத்தில் பத்து நாள் தண்ணீர் நிற்க வேண்டும். நான்கு நாளில் காய்ந்துவிட்டதா, பரவாயில்லை. ஒவ்வொன்றும் சின்னது. எல்லாம் ஒரே கட்டடத்தில் சேர்ந்துகொள்ளும்போதுதான் வினை.

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. சென்னை மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த கூலித் தொழிலாளர்கள். பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கட்டடம் இடிந்த செய்தியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. என் சைட்டில் சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனாரும் சித்தாள் பெண்களும் என்னை நம்பித்தானே ஏறுகிறார்கள்?

இத்தனைக்கும் தப்பு சைட்டில் தொடங்குவதில்லை. ரேட் பேசும் அன்றே தொடங்கிவிடுகிறது. "இன்னொருத்தர் சதுர அடிக்கு நூறு ரூபாய் கம்மியாகச் சொல்றாரே" என்பார் வீட்டுக்காரர். வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் நாமும் தலையாட்டுவோம். சிமெண்ட் கடைக்காரர் நமக்காக விலையைக் குறைக்கமாட்டார். ஆட்களின் சனிக்கிழமைக் கூலியில் கை வைப்பது பாவம். பிறகு அந்த நூறு ரூபாய் எங்கிருந்து வரும்? ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகத் தூணில் கட்ட வேண்டிய வளையம் எட்டு அங்குலத்துக்குப் போகும். தண்ணீர் ஊற்றும் ஆள் பாதி நாளில் நின்றுவிடுவார். ஆகவே "இந்த ரேட்டுக்குக் கட்டுப்படியாகாதுங்க" என்று சொல்லி எழுந்து வரும் துணிவுதான் ஒப்பந்தக்காரனின் முதல் நேர்மை. அப்படி எழுந்து வந்து வேலையில்லாமல் இரண்டு மாதம் உட்கார்ந்ததும் உண்டு. அந்த இரண்டு மாதத்துக்காக நான் வருந்தியதில்லை.

வீடு கட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டைல்ஸ் தேர்ந்தெடுக்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறீர்கள். தளம் போடும் நாளன்று, கலவை கொட்டுவதற்கு முன், ஒருமுறை மாடிக்கு ஏறி வாருங்கள். பால்கனிக் கம்பி மேலே நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒழுங்காகக் கட்டுகிறவன் உங்கள் கேள்விக்குக் கோபப்படமாட்டான்.