இல்லறத்தானுக்கு அருள் உரியதா?

திருவள்ளுவர் அறத்துப்பாலை வகுத்த முறையைக் கருத்தூன்றி நோக்குவோர்க்கு ஒரு வினா எழாமற்போகாது. ஒப்புரவறிதல், ஈகை, புகழ் என்னும் மூன்று அதிகாரங்களோடு இல்லறவியல் நிறைவெய்துகிறது. அடுத்துவரும் அருளுடைமையோ துறவறவியலின் தலைவாயிலில் நிற்கிறது. அங்ஙனமாயின், மனைவி மக்களோடு கூடி, வரவு செலவு பார்த்து, ஊராரோடு ஒட்டி வாழும் கிருகஸ்தனுக்கு அன்பு மட்டுமே உரியது, அருள் சந்நியாசியின் தனிச்சொத்து என்று கொள்ளலாமா?

சாஸ்திர வாதத்தினும் ஒருவருடைய நெடிய வாழ்க்கை இதற்குத் தெளிவான விடை தரக்கூடும். 1923-இல் பிறந்து 91 ஆண்டுகள் வாழ்ந்த பொள்ளாச்சி நா. மகாலிங்கம், தந்தையார் நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய பஸ் தொழிலை வளர்த்து, சர்க்கரை ஆலை முதலியவற்றை நிறுவி, 15 ஆண்டுகள் பொள்ளாச்சியின் பிரதிநிதியாகச் சட்டமன்றத்தில் அமர்ந்து, பரம்பிக்குளம்-ஆழியாற்று நீர் கொங்கு நாட்டு வறண்ட காடுகளுக்கு வந்து பாய வேண்டுமென்று பாடுபட்டவர். மக்களைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவர். லௌகிகத்தின் நட்டநடுவில் நின்ற இம்மனிதர் ஆண்டுதோறும் விழா எடுத்தது வள்ளலாருக்கும் காந்தியடிகளுக்கும். முன்னவர் திருமணம் நடந்தும் இல்வாழ்வில் தோயாதவர். பின்னவர் நான்கு புதல்வர்க்குத் தந்தையாயிருந்தும் 1906-இல் பிரம்மசரிய விரதம் பூண்டவர். வீட்டின் தளையைத் தளர்த்திக்கொண்ட இருவரை, வீட்டையும் ஆலையையும் விடாத ஒருவர் போற்றியது முரணன்றோ?

எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வடலூர்த் தருமச்சாலையில் 1867-ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகிறது; அதில் ஏறும் உலைக்கு அரிசி தருபவர் யார்? அறுவடையான கையோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறக்கும் குடியானவனும், கடைக் கணக்கில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கும் வணிகனுமே. பசித்தவனுக்குச் சோறிடுதலையே ஜீவகாருண்யத்தின் முதற்படியாக வள்ளலார் வகுத்தபோது, உலை வைக்கும் வீட்டாரனைவரையும் அருளுக்கு உரியவராக்கிவிட்டார். ஈகையிற் பழகிய கைக்கு அருளுடைமை அடுத்த அதிகாரமேயன்றி வேறொரு நூலன்று.

மேலும், உடைமையை ஒருமுறை உதறியவனுக்கு அதன்பின் கணக்கில்லை. இல்லறத்தானுக்கோ, பெட்டிச்சாவி இடுப்பிலேயே இருப்பதால், கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்னும் கேள்வி விடியுந்தோறும் புதிதாய்ப் பிறக்கிறது. மகாலிங்கம் அனைத்தையும் துறந்தவரல்லர். செல்வராகவே இறுதிவரை இருந்தார். ஆகவே அவரைத் துறவியர்க்கு மேலாக வைப்பது என் நோக்கமன்று. ஆனால் கல்விச்சாலைகளாகவும் அருள்நூற் பதிப்புகளாகவும் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டேயிருந்த அவ்வாழ்க்கையைப் பார்க்கும்போது, நீண்ட ஆயுள் என்பது வரமாவதோடு நீண்ட பரீட்சையுமாகும் என்பது விளங்குகிறது.

2014 அக்டோபர் 2-ஆம் நாள், சென்னையில் வள்ளலாருக்கும் காந்தியடிகளுக்கும் எடுத்த அதே விழாவில் கலந்துகொண்டிருந்தபோது மகாலிங்கம் உயிர் நீத்தார். இதனைத் தெய்வ சங்கல்பம் என்பாரும் உளர். நான் பழக்கத்தின் பலன் என்பேன். பல்லாண்டு ஒரு நற்காரியத்தில் ஊன்றி நின்றவரை மரணம் வேறெங்கே போய்த் தேடும்? குடும்பப் பொறுப்பெல்லாம் தீரட்டும், பிறகு அறத்தைத் தொடங்கலாம் என்று மூப்பை எதிர்நோக்கியிருப்போர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. தொழில் ஓடுகிற காலத்திலேயே, பிள்ளைகளின் படிப்புச் செலவு கழுத்தை நெரிக்கிற காலத்திலேயே தொடங்காத தருமம், ஓய்ந்து உட்கார்ந்தபின் தானாக வந்து கைகூடுவதில்லை.