கண்ணால் கண்ட சாட்சி

1957-58 கல்வியாண்டில், அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில், லிட்டில் ராக் நகரத்து சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் ஒரு விதி நடைமுறையில் இருந்தது. மாணவன் ஒருவன் இன்னொருவனை அடித்தாலோ, உதைத்தாலோ, படிக்கட்டில் தள்ளிவிட்டாலோ, வயதில் பெரியவர் ஒருவர் அதை நேரில் பார்த்திருந்தால்தான் பள்ளி நடவடிக்கை எடுக்கும். அடிபட்டவனின் வார்த்தை மட்டும் போதாது. பார்ப்பதற்கு ஒரு நிர்வாகச் சமாச்சாரம் போலத்தான் இருக்கிறது. ஆனால் வெகுநாட்களாக என்னை விடாத ஒரு கேள்வி இந்த விதிக்குள் மிகக் கறாரான வடிவத்தில் உட்கார்ந்திருப்பதாக எனக்குப் படுகிறது. பார்ப்பது என்பது நமக்கு நேர்கிற ஒன்றா, அல்லது நாம் செய்கிற ஒன்றா?

பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். பள்ளிகளில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1957 செப்டம்பரில் ஒன்பது கறுப்பின மாணவ மாணவிகள், ஏறத்தாழ இரண்டாயிரம் வெள்ளை மாணவர்கள் படித்த சென்ட்ரலுக்குள் நுழைய முயன்றார்கள். ஆளுநர் ஃபாபஸ் மாநிலக் காவல் படையை நிறுத்தித் தடுத்தார். ஜனாதிபதி ஐசன்ஹோவர் 101வது வான்வழிப் படைப் பிரிவை அனுப்பினார். செப்டம்பர் 25ஆம் தேதி துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் சூழ ஒன்பது பேரும் படியேறினார்கள். நம் நினைவில் நிற்கும் புகைப்படங்கள் பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே எடுக்கப்பட்டவை. சரித்திரம் வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் ஒரு முழுக் கல்வியாண்டு இருந்தது. நடைபாதைகள், அலமாரிகள், உணவுக்கூடம், குளியலறை, மணியடித்ததும் மாறுகிற வகுப்புகள். அந்த விதி வேலை செய்தது அங்கேதான்.

விதிக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஒருவன் சொல்வதை இன்னொருவன் மறுப்பான். ஊர் கொதித்துக்கொண்டிருந்தபோது வெறும் புகாரை நம்பித் தண்டித்தால் பள்ளியே நடக்காது என்று நிர்வாகம் கருதியிருக்கும். நீதிமன்றங்களும் கண்ணால் கண்ட சாட்சியைத்தானே கேட்கின்றன. சில வெள்ளை மாணவர்கள் இந்த விதிப்படியே இடைநீக்கம் செய்யப்பட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் நீதிபதி சம்பவம் நடந்த இடத்தில் இருப்பதில்லை. ஆசிரியர் இருக்கிறார். சம்பவத்துக்குள்ளேயே நிற்கிற ஒருவரைச் சாட்சியாகவும் தீர்ப்பளிப்பவராகவும் ஆக்கிவிட்டால், ஒரு விஷயம் நடந்ததா இல்லையா என்பது அவர் தலையை எந்தப் பக்கம் திருப்பினார் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. பார்த்தால் பொறுப்பு வந்து சேரும். பார்க்காவிட்டால் எதுவும் நடக்கவில்லை. பார்வைக்கு இப்படியொரு விலை வைத்த பிறகு, பலர் அதைக் கொடுக்க விரும்பமாட்டார்கள் என்பதை ஊகிப்பதற்குத் தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

நான் சில வருஷங்கள் வகுப்பறையில் நின்றவன். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கிற ஆசிரியனுக்கு, முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்று நினைப்பவர்கள் மாணவர்கள் மட்டும்தான். சத்தம் அடங்குகிற விதத்திலிருந்தே எங்கே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். எந்தப் பையன் எவனைக் கண்டு ஒதுங்கி நடக்கிறான், எந்தப் பெண் இரண்டு நாளாகப் பேசவில்லை, எந்த பெஞ்சில் திடீரென்று இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஆசிரியனுக்குத் தெரியும். இது கண்ணால் மட்டும் வருகிற அறிவு இல்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிகள் சொல்லிவந்தது இந்த அறிவைத்தான். சென்ட்ரலின் விதி தீர விசாரிப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணை மட்டும் வைத்துக்கொண்டது. அதாவது ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரிந்ததை, தெரியாததாக வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தது.

இதன் விளைவு ஒரு பெண்ணின் கதையில் துல்லியமாகத் தெரிகிறது. மினிஜீன் பிரவுன் ஒன்பது பேரில் ஒருத்தி. 1957 டிசம்பரில் உணவுக்கூடத்தில் தட்டோடு நடந்து போனபோது, பையன்கள் நாற்காலிகளை நகர்த்தி வழியை மறித்தார்கள். அவள் தட்டிலிருந்த சில்லிக் குழம்பு இரண்டு பையன்கள் மேல் கொட்டியது. ஒரு கணம் கூடமே நிசப்தமாயிற்று என்றும், பிறகு அங்கே பரிமாறிக்கொண்டிருந்த கறுப்பினப் பணியாளர்கள் கைதட்டினார்கள் என்றும் ஒன்பது பேரில் ஒருவரான எர்னஸ்ட் கிரீன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மினிஜீன் இடைநீக்கம் செய்யப்பட்டாள். 1958 பிப்ரவரியில் தன்னைத் துன்புறுத்திய ஒரு பெண்ணை ‘வெள்ளைக் குப்பை’ என்று திட்டியதற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டாள். ‘ஒன்று போயிற்று, எட்டு பாக்கி’ என்று அச்சடித்த சீட்டுகள் பள்ளிக்குள் சுற்றின.

மாதக்கணக்கில் அவளுக்குச் செய்யப்பட்டவை மூலைகளிலும் முதுகுக்குப் பின்னாலும் நடந்தவை. அவள் செய்தது எல்லோர் முன்னிலையிலும். துன்புறுத்துகிறவனுக்கு நேரமும் இடமும் தேர்ந்துகொள்ள அவகாசம் இருக்கிறது. பொறுக்க முடியாமல் திருப்பிக் கொடுப்பவளுக்கு அது இல்லை. ஆகவே கண்ணை மட்டும் நம்புகிற நியாயம் எப்போதும் எதிர்வினையைத்தான் பிடிக்கும், காரணத்தை விட்டுவிடும். யாருக்கும் பாரபட்சம் காட்டாத மாதிரி எழுதப்பட்ட விதி, எழுத்துக்கு எழுத்து நேர்மையாக நிறைவேற்றப்பட்டு, அநியாயத்தில் கொண்டுபோய் விடுகிறது. கைதட்டிய பணியாளர்கள் எல்லாவற்றையும் பார்த்தவர்கள், வயதில் பெரியவர்களும்கூட. அவர்களுடைய கண்கள் சாட்சியக் கணக்கில் வந்ததாகத் தெரியவில்லை.

சிப்பாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு சிப்பாய் துணையாக நடைபாதையில் வந்தான். வகுப்பறை வாசலில் நின்றுகொண்டான். ஓங்கிய கையைத் தடுக்க அரசாங்கத்தால் முடியும். ஆனால் பதில் தெரிந்து உயர்த்திய கையைப் பார்த்து, ‘நீ சொல்’ என்று கேட்பதற்கு எந்த ராணுவத்தாலும் உத்தரவிட முடியாது. அந்த வாசற்படிக்கு அப்பால் இருப்பது முழுக்க ஆசிரியரின் ராஜ்யம்.

ஹன்னா அரென்ட் 1959இல் ‘டிஸ்ஸென்ட்’ பத்திரிகையில் லிட்டில் ராக் பற்றி எழுதிய கட்டுரை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. பெரியவர்கள் தீர்க்க முடியாமல் விட்ட அரசியல் சிக்கலைக் குழந்தைகளின் தோளில் ஏற்றிவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. ரால்ஃப் எலிஸன் இதை மறுத்தார். இந்தப் பெற்றோர்களுக்குத் தாங்கள் பிள்ளைகளை எதற்குள் அனுப்புகிறோம் என்று தெரியும், அந்தப் பயத்தை எதிர்கொள்ளக் கற்பதே அந்நாட்டில் கறுப்பினக் குழந்தையின் வாழ்க்கைப் பாடம் என்பது அவர் வாதத்தின் சாரம். 1965இல் அரென்ட் எலிஸனுக்குக் கடிதம் எழுதி, அந்தத் தியாகத்தின் தன்மையைத் தான் புரிந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டார். இது அபூர்வமான நேர்மை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அரென்ட் முந்தின வருஷம், 1958இல், கல்வியின் நெருக்கடி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். குழந்தையின் முன்னால் ஆசிரியர் உலகத்தின் பிரதிநிதியாக நிற்கிறார், உலகத்தைத் தான் உண்டாக்காவிட்டாலும், அது வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்று உள்ளூர நினைத்தாலும், அதற்குப் பொறுப்பேற்றாக வேண்டும் என்பது அதன் மையம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறபோது, லிட்டில் ராக் கட்டுரையில் ஆசிரியருக்கு உரிய இடம் காலியாக இருப்பது தெரிகிறது. பெற்றோர், நீதிமன்றம், அரசாங்கம், கும்பல் எல்லோரும் விசாரிக்கப்படுகிறார்கள். குழந்தையோடு தினம் ஆறு மணி நேரம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர் விசாரிக்கப்படவில்லை. ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்கிற ஆசிரியர், இந்த உலகத்துக்கு நான் பொறுப்பில்லை என்றுதான் சொல்கிறார். அரென்டின் சொந்த அளவுகோலே போதும், அந்த நொடியில் அவர் ஆசிரியராக இல்லாமல் போகிறார் என்று காட்ட.

‘ஆசிரியர்களிடம் வீரத்தை எதிர்பார்ப்பது நியாயமா? அவர்களுக்கும் குடும்பம் உண்டு, சம்பளம் உண்டு, அண்டை வீட்டார் உண்டு’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பெண்களுக்கான துணை முதல்வராக இருந்த எலிஸபெத் ஹக்கபி 1980இல் அந்த வருஷத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒழுங்கைக் காப்பாற்றுவதற்கும் குழந்தைகளைக் காப்பாற்றுவதற்கும் நடுவில் ஒரு மனுஷி தினமும் இழுபடுவதை அதில் பார்க்கலாம். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அடுத்த வருஷம் நடந்தது இந்தக் கேள்விக்கே பதிலாக அமைந்துவிட்டது.

1958-59இல் ஃபாபஸ் நகரத்தின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பள்ளி இல்லை. ஆசிரியர்களுக்கோ ஒப்பந்தம் இருந்தது. அவர்கள் வழக்கம்போல வந்து காலி வகுப்பறைகளில் உட்கார்ந்தார்கள். சென்ட்ரலின் கால்பந்து அணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பார்க்காமலிருக்கப் பழகிய கண்ணுக்கு முன்னால், பார்ப்பதற்கே ஒருவரும் இல்லாத பெஞ்சுகள். பிறகு 1959 மே 5ஆம் தேதி, கல்விக் குழுவில் இனப் பிரிவினையை ஆதரித்த மூன்று உறுப்பினர்கள், மற்றவர்கள் வெளிநடப்புச் செய்ததும், நாற்பத்து நான்கு பள்ளி ஊழியர்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். ஒருங்கிணைப்புக்கு அனுகூலமானவர்கள் என்ற சந்தேகம்தான் காரணம். அதாவது, பார்த்திருக்கக்கூடும் என்ற சந்தேகம். நடுநிலை என்று நம்பப்பட்ட இடம் எவ்வளவு ஒடுக்கமானது என்பது அன்று தெரிந்துபோயிற்று.

ஊர் விழித்துக்கொண்டது. மே 25ஆம் தேதி நடந்த திரும்ப அழைக்கும் தேர்தலில் அந்த மூவரும் பதவியிழந்தார்கள். ஆகஸ்டில் பள்ளிகள் திறந்தன. நல்ல முடிவு என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஒன்பது குழந்தைகளுக்காக எழுந்திருக்காத ஊர் நாற்பத்து நான்கு ஆசிரியர்களுக்காக எழுந்தது. தன்னைப் போன்றவர்களின் துன்பம்தான் சட்டென்று கண்ணில் படுகிறது போலும்.

ஆசிரியரிடமிருந்து நான் வீரத்தைக் கேட்கவில்லை. சென்ட்ரலில் ஒன்பது பேருக்கும் தேவைப்பட்டது, அவர்கள் சொன்னதை யாராவது ஒருவர் நடந்த விஷயமாக எடுத்துக்கொள்வதுதான். தண்டிக்க முடியாமல் போகலாம். நிரூபிக்க முடியாமல் போகலாம். ‘இது உனக்கு நடந்தது, எனக்குத் தெரியும்’ என்று ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொல்வதற்கு எந்த விதியும் தடையாக இருக்கவில்லை.