விசாரம் இரண்டு



‘விசாரம்’ என்னும் சொல்லுக்கு வடமொழியில் ஆராய்ச்சி என்று பொருள். நம் பேச்சு வழக்கிலோ கவலை என்று பொருள். ஆராயப் புகுந்த மனம் கவலையில் ஆழ்வதை இச்சொல்லே காட்டுகிறதன்றோ?

ஸ்ரீமத் ராமாயணம், ஸுந்தர காண்டம், 13-ஆம் ஸர்க்கம். இலங்கை முழுதும் தேடியும் பிராட்டியைக் காணாத சிறிய திருவடி சிந்திக்கிறார். ‘வெறுங்கையோடு திரும்பினால் பெருமாள் உயிர் தரியார், பின் இளைய பெருமாள், பரதாழ்வான், தாய்மார், சுக்ரீவன், வானரர்’ என ஒன்றன்பின் ஒன்றாய் நாசமே தோன்றுகிறது. தாமே மாய்வதோ என்னும் அளவுக்கும் சென்றார். புத்திமான்களுள் சிறந்தவருக்கே அதுவரை ஒரு வழியும் புலப்படவில்லை. உயிரோடிருந்தாலன்றோ நன்மை காணலாம் என்று தேறிய பின்னரே, தாம் இன்னும் தேடாத அசோகவனம் கண்ணிற்பட்டது. அவ்வனம் அங்கேயேதான் இருந்தது!

1995-இல் லியுபோமிர்ஸ்கி, நோலன்-ஹோக்ஸிமா என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர் வெளியிட்ட ஆய்வும் இதற்கு ஒத்திருக்கிறது. சோர்வுற்றோர் தம் துயரையே சுற்றிச் சுற்றி எண்ணியபோது, சிக்கல்களுக்கு அவர்கள் கண்ட தீர்வு வலுவிழந்தது. சிறிது நேரம் எண்ணத்தை வேறிடம் திருப்பியோர்க்கு அக்குறை நேரவில்லை.

மூலக்கொத்தளத்திலிருந்து துறைமுகத்துக்கும் ஆலைக்கும் சென்று உழைத்துத் திரும்பும் நம்மவர்க்கு வட்டியும் வாடகையும் பெண்ணின் விவாஹமும் இரவெல்லாம் சுழல்வது இயல்பே. அப்போது திருவடி செய்ததையே செய்க. நாசக் கணக்கை நிறுத்துக. பெருமாளையும் பிராட்டியையும் வணங்குக. ‘நான் இன்னும் தேடாத இடம் எது?’ என்று கேட்டு, விடிந்ததும் அங்கே செல்க. திருவடி வணங்கியபின் அமர்ந்துவிடவில்லை, அசோகவனத்துக்குச் சென்றார்.

சுபம்.