கேள்வி யாருடையது?

விஞ்ஞானத்தில் நாம் பதில்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். புற்றுநோய் ஆராய்ச்சியில் எதை முதலில் ஆராய்வது என்பதைப் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்களும் பணம் கொடுக்கும் ஸ்தாபனங்களும் மருந்துக் கம்பெனிகளுமே நிர்ணயித்து வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2004ல் தோன்றிய ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் இதை மாற்றப் பார்க்கிறது. நோயாளிகள், அவர்களைப் பராமரிப்பவர்கள், டாக்டர்கள் மூவரும் சமமாக உட்கார்ந்து, விடை கிடைக்காத கேள்விகளில் முக்கியமான பத்தைப் பொறுக்குகிறார்கள்.

செல்லின் இயல்பு தெரியாதவன் ஆராய்ச்சிக்குத் திசை சொல்வதா, விஞ்ஞானம் ஓட்டுப் போட்டு நடக்கிற காரியமா என்று ஆட்சேபிக்கலாம். அசட்டு ஆட்சேபமில்லை இது. ஆனால் இரண்டு விஷயங்களைக் குழப்புகிறது. மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சோதனைதான் சொல்லும். எது நமக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. அது மதிப்புகள் சம்பந்தப்பட்டது. அங்கே நிபுணன் என்று எவனும் கிடையாது.

நிவோலுமாப் என்ற மருந்தின் வழக்கமான அளவு தடவைக்கு 240 மில்லிகிராம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், தலை, கழுத்துப் புற்று முற்றியவர்களுக்கு மாத்திரைகளோடு அதை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2022ல் வெளிவந்தது. ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள், மாத்திரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 16. ஊசியும் பெற்றவர்களில் 43. ‘குறைத்துக் கொடுத்தால் போதுமா?’ என்பதை விற்கிறவன் கேட்கமாட்டான். வாங்க முடியாதவனின் கேள்வி அது. அவன் சார்பில் டாக்டர்கள் கேட்டார்கள்.

அவனையே கேட்க விட்டால் என்ன கேட்பான்? வேதாரண்யம் புகையிலை விளைகிற ஊர். வெற்றிலையோடு அதை அடக்கும் வாயில் புற்று வருவது இங்கே யாருக்கும் செய்தியில்லை. அடையாறுக்கு இரவு பஸ் ஏறுகிறவன் எத்தனை தரம் வர வேண்டும், சோறு விழுங்க முடியுமா என்று கேட்பான். புகையிலை போடுகிற விவசாயியோ, இந்த மணலில் வேறு என்ன கட்டுபடியாகும் என்பான். இதையும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான கேள்வி என்றே கொள்வேன்.

என் சங்கடம் வேறு. கமிட்டிக்கு வருகிறவர்கள் பிழைத்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள், லீவு போட முடிந்தவர்கள். செத்தவனுக்கு யார் பிரதிநிதி? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954ல் தொடங்கிய அடையாறு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அந்தச் சாவு இருக்கிறது. தங்கையின் கேள்வியைத்தான் அக்காள் கேட்டாரா, தன்னுடையதையா? இரண்டையும் பிரிக்க முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

பேங்கில் என் கவுண்டருக்கு ஒருவர் வருவார். நாக்கை எடுத்துவிட்டார்கள். சொல்ல வேண்டியதைப் பணம் எடுக்கும் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டுவார். கடைசித் தடவை, கணக்கில் சம்சாரத்தின் பெயரைச் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். பாரம் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் அந்த அம்மாள்தான் வருகிறார். அவரைக் கமிட்டியில் உட்கார வைக்கலாம். என்ன கேட்பார் என்று நானே ஊகித்து எழுதப் பார்த்து, அடித்துவிட்டேன்.