தேயிலை மலையில் ஒரு நடை

அயல் நாட்டில் கால் வைக்கும் பிரயாணி எல்லாவற்றையும் தன் கண்ணாலேயே பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அவன் பார்த்தவற்றில் பெரும்பகுதி, அவனுக்கு முன்னே நடந்தவர் நின்று காட்டிய இடங்களே. ஆகவே எந்த ஊருக்குப் போவது என்பதைக் காட்டிலும், யார் பின்னே நடப்பது என்பது பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

லண்டனில் குடியிருப்பவர்களுக்கு இந்த எண்ணம் எளிதில் உண்டாகும். விடுமுறை நாட்களில் வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, ஒரு சிறு கூட்டம் பழைய வீதிகளில் பின்தொடர்வது இந்நகரத்தின் நித்தியக் காட்சி. நானும் அப்படியொரு கூட்டத்தோடு மின்சிங் லேன் என்னும் குறுகலான தெருவில் நின்றிருக்கிறேன். தேயிலை வியாபாரத்தின் தலைமை ஸ்தலமாக நெடுங்காலம் விளங்கிய தெரு அது. 1873இல் இலங்கையிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்த முதல் தேயிலை வெறும் 23 இறாத்தல்தான். அந்தச் சிறு மூட்டையிலிருந்து வளர்ந்த வர்த்தகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் செழித்தது; பிறகு 1998 ஜூன் 29ஆம் தேதியோடு லண்டன் ஏலமே நின்றுபோயிற்று. வழிகாட்டி விஷய ஞானம் உடையவர். கப்பல்களைப் பற்றியும் விலைகளைப் பற்றியும் ரசமாகச் சொன்னார். கொழுந்து பறித்தவர்களைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை.

குளிர்காலம் வந்துவிட்டால் இவ்வூரார் மனம் வெயில் காயும் தீவுகளை நாடும். அவர்களில் நடக்கப் பிரியமுள்ளவர்களுக்காக இலங்கையின் மலைநாட்டில் அண்மைக் காலத்தில் 'பீக்கோ டிரெயில்' என்றொரு பாதை அமைந்திருக்கிறது. கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடியும் இப்பாதை, 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. தோட்டத் துரைமார் குதிரைமேலும் தொழிலாளர் தலைச்சுமையோடும் சென்ற பழைய வழிகளையே இணைத்திருக்கிறார்கள். மூடுபனியும் நீர்வீழ்ச்சியும் சவுக்கு மரங்களும் கூடிய அதன் சௌந்தரியத்தைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லிவிட முடியாது.

அதன் இரண்டாம் கட்டத்தில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டத்தை நோக்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலே பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் பின்னே நடந்தேன். டெய்லரின் சரித்திரத்தை அவர் குறைவின்றிச் சொன்னார். பிறகு பாதையை விட்டு இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே காடாய் வளர்ந்திருந்த ஒரு காப்பிச் செடியைக் காட்டினார். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்த பின்னும் எங்கோ பிழைத்த விதையின் வாரிசு அது. சற்று அப்பால் ஒரு மரத்தடியில் குங்குமம் பூசிய கல்.

"யார் தம்பி இது?"

"கவ்வாத்துசாமி ஐயா. கவ்வாத்து வெட்டப் போறதுக்கு முன்னாடி கத்தியை இங்க வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் மலைக்கு ஏறுவாங்க."

கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடும் வேலை. அந்தக் கல்லை எந்தப் படத்திலும் நான் கண்டதில்லை. மேலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களை நோக்கி எங்களுடன் வந்த ஒருவர் காமிராவை உயர்த்தியபோது, இளைஞர் பணிவாகத் தடுத்தார். நிறுவையில் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், அதாவது பாதிக் கூலி. படத்துக்காக நிற்கும் நேரம் அவர்கள் கூடையிலிருந்து போகும் நேரம் என்றார். மலையைக் காட்டுவோர் பலர் இருக்கலாம். அதை உள்ளிருந்து காட்டக்கூடியவர் இவர்.

மலையகத்தார் எனப்படும் இத்தோட்ட மக்களின் முன்னோரும் ஒரு வழிகாட்டியின் பின்னே நடந்து வந்தவர்களே. காப்பிக் காலத்தில், தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணி என்னும் ஆள்கட்டுவோன் திரட்டி அழைத்துவந்த கூட்டங்கள், தோணியில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தன. காலராவும் காய்ச்சலும் பசியும் கொண்டுபோனவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள். கங்காணிக்கு வழி தெரியும். ஆனால் வழிச்செலவு கடனாகப் பேரேட்டில் ஏறிக்கொண்டே வந்தது. இப்படி வந்து மலையைத் தோட்டமாக்கியவர்களின் சந்ததியாரில் மிகப் பெரும்பாலோருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமையை மறுத்தது; 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் போட்டு இரு நாடுகளுக்கும் பங்கிட்டது; எஞ்சியவர்களுக்கு உரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மலையகத்தாரின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, 2023 ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரில் புறப்பட்ட ஒரு கூட்டம், மூதாதையர் வந்த அந்த வழியாகவே நடந்து ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. வரலாற்றைக் காலால் படித்த யாத்திரை என்றே அதை நான் மதிக்கிறேன்.

இளைப்பாறப் போகிறவனுக்கு இந்தத் துயரமெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மூடுபனிக்கு இடையே தெரியும் பச்சைச் சரிவை யார் திருத்தினார் என்று அறிந்தபின், அதன் அழகு எனக்குக் குறையவில்லை. முன்பு வெறும் காட்சியாக இருந்தது, அறிந்தபின் மனிதரின் உழைப்பாகத் தெரிந்தது. அன்றியும், கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிப் போகும் தோட்டத்து இளைஞருக்குத் தம் மலையிலேயே கௌரவமான ஒரு ஜீவனம் வழிகாட்டும் தொழிலால் கிடைக்குமானால், அது சிறு காரியம் அன்று.

ஆகையால், லண்டனிலிருந்து இவ்வாண்டு மலைநாட்டுக்குப் புறப்படும் தமிழன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தோட்டத்திலே பிறந்த ஒருவரை வழிகாட்டியாகக் கேட்டுப் பெறுங்கள். அவருக்குரிய ஊதியத்தை அவர் கையிலேயே கொடுங்கள். டெய்லரின் கதை முடிந்தபின், அந்த வழிகாட்டியின் பாட்டனார் எந்த ஊரிலிருந்து எவ்வழியாக வந்தார் என்று கேளுங்கள். கூடுமானால் தலைமன்னாருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.